கைக்கு உறை, காலுக்கு?

குத்துச்சண்டை என்று சொன்னவுடன் நம் மனக்கண்முன் வந்து நிற்பது கை. தோலாற் சமைத்த பருத்த உறையை அணிந்து, முகத்துக்கு நேரே மடித்து உயர்த்திய கை. அந்த உறையை வாங்கப் போகிறவர்கள் அதன் நிறையைக் கேட்பர். உள்ளே திணித்த பொருளை அழுத்திப் பார்ப்பர். மணிக்கட்டுப் பட்டியை இருமுறை இழுத்துப் பார்ப்பர். காலுக்கு வந்தவுடன் இவ்வாராய்ச்சியெல்லாம் எங்கோ மறைந்துவிடும். “ஏதோ ஒரு சப்பாத்து இருந்தாற் போதும்” என்பதே வீடுகளிற் கேட்கும் விடை. சொல்லக் கூசுகிறது, பல பாடசாலைகளிற் கேட்கும் விடையும் அதுவே. கையிலிருந்து புறப்படுவதாக நாம் காணும் குத்து உண்மையிற் காலிலிருந்து புறப்படுவது என்பதை அறியாமையால் வரும் விடை அது.

தமிழ்ப் பண்டிதனுக்குக் குத்துச்சண்டையில் என்ன அலுவல் என்று வாசக அன்பர்கள் வினவக்கூடும். ஆசிரியர் தொகை குறைந்த பாடசாலையில், காலையில் வேற்றுமைப் புணர்ச்சி படிப்பிப்பவனே மாலையில் விளையாட்டுப் பொறுப்பையும் ஏற்றல் வேண்டும். பதினான்கு ஆண்டுகளாக மாணவரை அழைத்துக்கொண்டு போட்டிகளுக்குப் போய்வருகின்றேன். என் கையால் ஒரு குத்தேனும் விட்டவனல்லேன். ஆயினும் மேடைக்கு வெளியே கதிரையில் அமர்ந்திருப்பவனுடைய கண்மட்டத்தில் இருப்பது வீரரின் முகமன்று, பாதம். முகத்தைப் பார்க்க அண்ணாந்து கழுத்து நோவெடுத்தவன் ஈற்றிற் பாதத்தையே பார்க்கப் பழகிவிடுவான். இக்கட்டுரை அவ்வாறு பார்த்துப் பெற்ற அறிவினின்று எழுந்தது.

இவ்விளையாட்டு நமக்கு அந்நியமானதுமன்று. பாடசாலைகளுக்கிடையே நடைபெறும் ஸ்டப்ஸ் கேடயப் போட்டி தொடங்கி நூறாண்டு கடந்துவிட்டது. 1938இற் சிட்னி நகரில் நடந்த பேரரசு விளையாட்டு விழாவில் இலங்கைக்குப் பொற்பதக்கம் ஈட்டித் தந்த பார்ணி ஹென்றிக்கஸ் குத்துச்சண்டை வீரரே.

சப்பாத்து என்னுஞ் சொல், கதிரை, அலுமாரி, மேசை என்பனபோலப் போர்த்துக்கேயர் நம்மிடம் விட்டுச்சென்றது. சொல் வந்தேறியதாயினும் பொருள் புதிதன்று. பெரும்பாணாற்றுப்படை வணிகரைக் கூறுமிடத்து, அவர் காலில் அணிந்ததை அடியை மூடும் அரண் என்ற பொருள்படக் குறிக்கின்றது. தோல் என்னாது அரண் என்றமை நோக்கத்தக்கது. உள்ளிருப்பாரைக் காப்பதும், அவர் உள்ளே இயங்க இடங்கொடுப்பதும் அரணுக்கு இலக்கணமாம். இரண்டில் ஒன்று குறைந்தால் அது சிறையாகும். அல்லது மதிலில்லா வெளியாகும். குத்துச்சண்டைச் சப்பாத்தைத் தெரிவதில் வருந் தவறுகள் யாவும் இவ்விரண்டனுள் அடங்குவன.

முன்னாளிற் காலுக்கு அரணே இருந்ததில்லை. உரோமாபுரியில் நூதனசாலையொன்றில் வெண்கலச் சிலையொன்றுண்டு. 1885இல் அந்நகரத்து மண்ணுக்கடியிலிருந்து எடுத்தது. போராடிக் களைத்த குத்துச்சண்டை வீரனொருவன் அமர்ந்தபடியே தலையைத் திருப்பி மேனோக்குகின்றான். மூக்கு உடைந்துளது, காது வீங்கியுளது, கைகளிலே தடித்த தோற்கட்டு. கால்களோ வெறுங்கால்கள். மண்தரையிற் பொருதவர்க்கு, விரல்களால் நிலத்தைப் பற்றும் வெறுங்காலே தகுதியாயிற்று. பின்னர் இங்கிலாந்திலே பந்தயச் சண்டைகள் புற்றரையில் நடந்தன. ஈரப்புல் வழுக்குமாதலின் சப்பாத்தின் அடியில் ஆணி வைத்தனர். நிலத்தைப் பற்ற வைத்த ஆணி எதிரியின் காலையும் கிழித்தது. 1867இற் குவீன்ஸ்பெரிப் பிரபுவின் பெயரால் வெளிவந்த பன்னிரண்டு விதிகளுள் ஒன்று ஆணிச் சப்பாத்தை விலக்கிற்று. அவ்விதிகளை எழுதியவர் ஜோன் கிரகாம் சேம்பர்ஸ் என்பவர். பெயர் பிரபுவுக்குப் போயிற்று. உலகியல் அது.

புற்றரை போய்க் கித்தான் விரித்த மேடை வந்தபின் ஆணிக்குத் தேவையில்லை. ஆயினும் வழுக்கல் போகவில்லை. வியர்வையும், மூலையில் வாய் கொப்புளிக்கும் நீரும் கித்தானை நனைக்கும். மேடையருகே ஒரு தட்டிற் பிசின்தூள் வைத்து, வீரர் அதிலே அடியைத் தேய்த்துக்கொண்டு உட்புகுதல் நெடுநாள் வழக்கமாயிருந்தது. பைன் மரத்துப் பிசினைக் காய்ச்சிப் பெறும் அத்தூள், வயலின் வில்லுக்குப் பூசும் அதே பொருள்தான். றப்பர் அடி வந்தபின் அத்தேவை குறைந்தது. போட்டி விதிகள் இன்றும் குதியும் ஆணியும் இல்லாத இலேசான சப்பாத்தையே வேண்டி நிற்கின்றன.

ஏன் குதி கூடாது? வலக்கை வழக்கமுள்ளவன் இடக்காலை முன்வைத்து நிற்பான். பின்னிற்கும் வலக்காலின் குதி நிலத்தினின்றும் சிறிது தூக்கியிருக்கும். அவன் வலக்கையால் நேர்க்குத்து விடும்பொழுது அக்காலின் முன்பாதம் நிலத்தை உந்தும். உந்திய இடத்திலேயே சுழலும். குதி வெளிப்புறமாகத் திரும்பும். அத்திருப்பம் முழங்காலில் ஏறி, இடுப்பைத் திருப்பி, தோளைத் தள்ளி, கடைசியாகவே முட்டியை அடையும். ஆதலின் சப்பாத்தின் அடியிடத்து ஒன்றுக்கொன்று முரணான இரு குணங்கள் வேண்டப்படுகின்றன: உந்தும்பொழுது ஒட்டவேண்டும், சுழலும்பொழுது விடவேண்டும். ஒட்டாவிடின் கால் வழுக்கும். விடாவிடின் பாதம் நிற்க முழங்கால் முறுகும். நல்ல சப்பாத்துகள் சிலவற்றின் அடியிலே, பெருவிரலின் பின்னுள்ள பருத்த பகுதிக்கு நேராக வட்டவட்டமாகக் கோலம் செதுக்கியிருத்தலைக் காணலாம். அது அழகுக்கன்று; காலைச் சுழலவிடுதற்கு.

ஓட்டச் சப்பாத்தோடு மேடையேறும் பிள்ளைகளைப் பார்க்குந்தோறும் எனக்கு அச்சமுண்டாவதற்குக் காரணம் இதுவே. ஓட்டச் சப்பாத்து மோசமான பொருளன்று. வேறு தொழிலுக்கு அமைந்த பொருள். முன்னோக்கி ஓடுபவனுடைய குதியிற் படும் அதிர்ச்சியைத் தாங்கும்படி அதன் பின்புறம் தடித்தும் மென்மையாயும் இருக்கும். குத்துச்சண்டைக்காரனோ பக்கவாட்டிற் பாய்வான், பின்வாங்குவான், நின்ற நிலையில் திரும்புவான். தடித்த மெத்தைமீது நின்று பக்கவாட்டிற் பாய்ந்தால் மெத்தையின் விளிம்பு அமுங்கும்; பாதம் உட்புறமாகச் சரியும்; கரண்டையின் வெளிப்புறத்து இணையம் இழுபட்டுச் சுளுக்கும். அன்றியும் நிலம் எங்கேயென்று பாதத்துக்குத் தெரியாது. மெல்லிய தட்டையான அடி வேண்டுமென்பது அதனாலேயே. இதை மறுதலையாகக் கொள்ளுதலுங் கூடாது. குத்துச்சண்டைச் சப்பாத்தோடு தார்வீதியில் நாலு மைல் ஓடுவதும், சீமெந்துத் தரையில் நெடுநேரம் கயிறடிப்பதும் குதிநோவை விலைகொடுத்து வாங்குவதாம். ஓடுதற்கு ஓட்டச் சப்பாத்து. மேடைக்கு மேடைச் சப்பாத்து.

இனி அளவைப் பற்றிச் சொல்லவேண்டும். இங்கே எல்லாவற்றிலும் பெரிய கேடு நிகழ்கின்றது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டியிலே அயலூர்ப் பாடசாலைச் சிறுவனொருவனைக் கண்டேன். பதினைந்து வயதிருக்கும். கைவேகமும் கண்ணும் மிக நன்று. முதற் சுற்றில் எதிரி அவனைத் தொடவே முடியவில்லை. என் கண்ணோ வழக்கம்போல அவன் பாதத்திலே நின்றது. திரும்புந்தோறும் சப்பாத்து ஒரு கணம் முந்தியும் பாதம் ஒரு கணம் பிந்தியும் திரும்பின. இரண்டாஞ் சுற்றின் நடுவே அவன் இடப்புறமாக நழுவ முயன்றான். சப்பாத்து நின்றது, கால் உள்ளே உருண்டது. எவரும் அடிக்காமலே விழுந்தான். தூக்கிவந்து வாங்கிலிருத்திச் சப்பாத்தைக் கழற்றியபொழுது முன்முனையினின்றும் இரண்டு உருண்டை பஞ்சு வெளியே வந்தது. கேட்டேன். “அடுத்த வருஷமும் போடலாமெண்டு அம்மா பெருசா வாங்கித் தந்தவ, சேர். சீட்டுக்காசில வாங்கினது,” என்றான். நோவினால் அல்ல, அந்தப் பஞ்சைப் பிறர் பார்த்துவிட்டார்களே என்ற நாணத்தினால் அவன் முகம் சிவந்தது. அவ்வாண்டு அவன் மீண்டும் மேடையேறவில்லை. அடுத்த ஆண்டு அவன் வயதெல்லையைக் கடந்துவிட்டான் என்று கேள்வியுற்றேன்.

அத்தாயைக் குறைகூற எனக்கு நாவெழாது. வளருகிற பிள்ளைக்கு உடையைப் பெரிதாகத் தைப்பது நம் வீடுகளின் வழக்கம். சட்டைக்கு அது சரி. சப்பாத்துக்கு எவரேனும் கணக்கைச் சொல்லியிருத்தல் வேண்டும். ஆங்கில முறைச் சப்பாத்து எண்கள் வாற்கோதுமை மணியால் அளந்தவை. ஒரு மணியின் நீளம் ஓரங்குலத்தில் மூன்றிலொன்று. ஓரெண் கூடினால் ஒரு மணி கூடும். எட்டு நெல் ஒரு விரல் என்று அளந்த நம் முன்னோர் இதைக் கேட்டு நகைத்திரார், உறவு கொண்டாடியிருப்பர். ஐரோப்பிய எண்ணோ ஒவ்வொன்றும் ஒரு சென்ரிமீற்றரில் மூன்றிலிரண்டு. ஆகவே ஆறாம் எண் காலுக்கு எட்டாம் எண் சப்பாத்து வாங்கினால் முன்னே மூன்றிலிரண்டு அங்குலம், ஏறத்தாழ 17 மில்லிமீற்றர், வெற்றிடமாயிருக்கும். பஞ்சு அவ்விடத்தை நிரப்பும், பாதத்தைப் பிடிக்காது.

அளக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். மாலையில் அளக்க, பகல் முழுதும் நடந்த பாதம் காலையிலும் சிறிது பருத்திருக்கும். போட்டிக்கு அணியுங் காலுறையோடு, எழுந்து நின்று அளக்க. இருந்து அளந்தால் பாதம் முழுதும் விரியாது. இரண்டு பாதங்களும் ஒத்த நீளமுடையனவல்ல, நீண்டதற்கே வாங்குக. விரல்நுனிக்கு முன்னே அரைவிரல் இடம் போதும். ஓட்டச் சப்பாத்தில் விடுமளவு இங்கு வேண்டா. பின்பு கடையிலேயே முன்விரல்களிலே எழும்பி நிற்கச் சொல்லுங்கள். குந்தி எழச் சொல்லுங்கள். நின்ற இடத்திலே சுழலச் சொல்லுங்கள். குதி சப்பாத்தை விட்டு மேலெழுந்தால் அது வேண்டா. கடைக்காரர் முகஞ்சுளிப்பார். சுளிக்கட்டும்.

நீளத்தைக் கேட்போர் அகலத்தைக் கேட்பதில்லை. நம்மவர்க்கோ அகலமே பெரிய வினா. வளவிலும் வயலிலும் கடற்கரையிலும் வெறுங்காலோடு வளர்ந்த பிள்ளையின் முன்பாதம் விசிறிபோல விரிந்திருக்கும். தென்னிந்தியாவில் வெறுங்காலோடு வாழ்ந்தவர்களின் பாதங்களை அளந்து 2009இல் வெளிவந்த ஆய்வொன்று, சப்பாத்துப் பழக்கமுள்ளோரினும் அவர்களது முன்பாதம் அகன்றது என்றும், நடக்கும்பொழுது பாரம் உள்ளங்காலிற் பரந்து விழுகின்றது என்றும் கண்டது. மேலைத்தேயத்தார் பாதத்தை அச்சாகக் கொண்டு தைத்த ஒடுங்கிய சப்பாத்துக்குள் இப்பாதத்தைத் திணித்தால் சின்னவிரல் மடியும்; மரக்கும்; கொப்புளமாகும். அப்பொழுது பிள்ளை செய்வது யாது? அகலம் வேண்டி நீளத்தைக் கூட்டி வாங்குவான். திரும்பவும் பஞ்சுருண்டைக் கதை. அகன்ற அச்சிற் செய்த வகையைத் தேடுதலே தக்கது. அது கிடையாதாயின் மேற்புறம் விறைத்த தோலாயிராமல் நெகிழுந் துணியாயும் வலையாயும் உள்ளதை எடுத்தல் நலம்.

சின்னவிரல்தானே என்று இகழ்தலாகாது. 2011 யூலை 2இல் ஹம்பேர்க் நகரில் விளாடிமிர் கிளிச்கோவிடம் புள்ளியடிப்படையில் தோற்ற டேவிட் ஹேய் என்னும் ஆங்கில வீரர், பின்னர்ப் பத்திரிகையாளர் முன்னிலையில் சப்பாத்தைக் கழற்றிக் காட்டியது தம் வலக்காற் சின்னவிரலை. அது முன்னரே பழுதுற்றிருந்தமையால் வலக்கையாற் பலத்தோடு குத்த முடியவில்லை என்றார். உலகம் சிரித்தது. தோற்றவன் சொல்லும் நியாயம் என்று நானும் அதனை ஓரளவு தள்ளுபடி செய்வேன். எனினும் வலக்கைக் குத்து வலக்காலில் ஊன்றிப் பிறக்கிறது என்பதை அறிந்தவன் முழுவதும் சிரிக்கமாட்டான்.

தாங்குஞ் சப்பாத்து என்று விற்போர் சொல்வதிலும் ஆராயவேண்டிய பகுதியுண்டு. உள்ளங்கால் வளைவைத் தாங்க மேடுவைத்த சப்பாத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் இன்றியமையாதது என்பர். கர்நாடகத்து மணிப்பால் மருத்துவர் இருவர் 2300 பிள்ளைகளின் பாதங்களை ஆராய்ந்து 1992இல் வெளியிட்டனர். மிதியடி அணிந்து வளர்ந்தோருள் நூற்றுக்கு 8.6 பேருக்கும், வெறுங்காலோடு வளர்ந்தோருள் நூற்றுக்கு 2.8 பேருக்குமே தட்டைப்பாதம் இருந்தது. மூடிய சப்பாத்து அணிந்தோரிடத்தே அது மிகுதி. எனவே நோவின்றி நடக்கும் பிள்ளையின் உள்ளங்காலுக்கு முட்டுக்கொடுக்க வேண்டுவதில்லை. நோவுள்ள பிள்ளையை வைத்தியரிடங் காட்டி, அவர் சொல்லும் உள்ளட்டையை இட்டுக்கொள்க.

உயரமும் அத்தகையது. கரண்டைக்குச் சற்று மேலே நிற்பன, கெண்டைக்கால்வரை ஏறுவன எனப் பலவகையுண்டு. உயர்ந்ததே சுளுக்கைத் தடுக்குமென்பது பலரது துணிபு. ஒக்லஹோமாப் பல்கலைக்கழகத்தில் அறுநூற்றுக்கு மேற்பட்ட கூடைப்பந்தாட்டக்காரரைப் பிரித்து உயர்ந்ததும் தாழ்ந்ததுமான சப்பாத்துகளை அணிவித்துப் பார்த்த ஆய்வு 1993இல் வெளிவந்தது. சுளுக்கின் தொகையிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அது குத்துச்சண்டையன்று என்பது மெய்யே. ஆயினும் உயரம் ஒன்றையே நம்பிக் காசு கொடுப்பவன் அதனை அறிந்திருத்தல் நன்று. கரண்டையைத் தழுவி நிற்கும் மேற்பகுதி, கால் எந்நிலையில் உள்ளதென்பதை உணர்த்தும். பலருக்கு அது மனத்துணிவும் தரும். கரண்டையைக் காப்பது பெரும்பாலும் அதனைச் சூழ்ந்த தசையின் வலியே. ஒற்றைக்காலில் நின்று பழகும் பயிற்சிக்குக் காசு வேண்டியதில்லை. முற்கூறிய ஹேய், 2017 மார்ச் 4இல் இலண்டனில் ரோனி பெலியுவோடு பொருதபொழுது ஆறாஞ் சுற்றிற் குதிநரம்பு அறுந்து, பதினோராஞ் சுற்றுவரை நொண்டி நின்று தோற்றார். அவர் அணிந்ததில் விலைக்குறைவான சப்பாத்து இருந்திராது.

புகழ்பெற்றார் காலைப் பார்த்து வாங்குவோருமுளர். 1971 மார்ச் 8இல் ஜோ பிரேசியரோடு பொருத முகம்மது அலியின் வெள்ளைச் சப்பாத்திற் சிவந்த குஞ்சங்கள் ஆடின. ஆடிய குஞ்சம் அவர் காலின் விரைவைப் பார்ப்போர்க்குக் காட்டிற்றேயன்றி விரைவைக் கொடுக்கவில்லை. அன்று வென்றவர் பிரேசியர். மைக் டைசன் காலுறையின்றிக் கரிய சப்பாத்தோடு வந்தார். அதுகண்டு காலுறையைக் கழற்றும் நம் சிறுவர் மூன்றாம் நாளே கொப்புளத்தோடு வருவர்.

பெண்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. 2012 இலண்டன் ஒலிம்பிக்கிலிருந்து பெண்டிர் குத்துச்சண்டையும் இடம்பெற்றது. நம் பாடசாலைகளிலும் பெண்பிள்ளைகள் வருகின்றனர். ஆடவர் அச்சிற் செய்த சப்பாத்தே பெரும்பாலும் கடைகளிலுண்டு. முன்பாதம் அமைந்தால் குதி தளரும். பெண்பாதத்தின் குதி அவ்வளவுக்கு ஒடுங்கியது. மேற்கண்ணிகளிலே நாடாவைக் குறுக்கே வளையமாக்கிக் கோத்து இறுக்கினால் குதி ஓரளவு நிலைபெறும்.

விலையை நினைந்து வருந்தும் பெற்றோருக்கு: தொடக்கத்தார்க்குத் தனிச் சப்பாத்து வேண்டுவதேயில்லை. பாடசாலைக்கு அணியும் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து, தட்டையான அடியும் இலேசுமுடையது. காலுக்குச் சரியான அளவாயின், விலையுயர்ந்த ஓட்டச் சப்பாத்தினும் முதலாண்டுக்கு அது மேல். மல்யுத்தச் சப்பாத்தும் உதவும். ஆயினும் சிலவற்றின் அடி மிகுதியாக ஒட்டும், சுழற்றிப் பார்த்தே வாங்குக. பிள்ளை நிலைத்து ஆடுவானென்று தெரிந்தபின், அவ்வாண்டுக் காலுக்கு அளவாக ஒரு சோடி வாங்குங்கள். அது சிறுத்துப்போனால் அடுத்த பிள்ளைக்குக் கொடுத்து, மூத்தவனுடையதை உங்கள் பிள்ளை பெறலாம். எங்கள் பாடசாலையில் ஒரு பெட்டியில் ஐந்தாம் எண் முதல் ஒன்பதாம் எண்வரை பதினொரு சோடி இருக்கின்றன. எண்ணை உள்நாக்கிலே மையால் எழுதிவைத்திருக்கிறோம். பஞ்சு ஒன்றிலும் இல்லை.

புதிய சப்பாத்தைப் போட்டியன்று முதன்முதல் அணிதல் ஆகாது; இரண்டு வாரம் பயிற்சியில் இட்டு இணக்குக. நாடாவின் முடிச்சை ஒட்டுப்பட்டியாற் சுற்றி மூடுக. அவிழ்ந்த நாடாவை மிதித்து விழுந்தவரைக் கண்டிருக்கிறேன். பயிற்சி முடிந்ததும் ஈரத்தோடு பைக்குட் போட்டு மூடினால், நம் வெக்கையில் மறுநாளே பூஞ்சணம் பிடித்து விரலிடுக்கிற் சொறி உண்டாகும். வெயிலிற் காய்ச்சினால் ஒட்டுப்பசை விடும். நிழலிலே வைத்து, பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி உள்ளே திணித்தால் இரவுக்குள் ஈரத்தை உறிஞ்சிவிடும். இப்பக்கத்தையும், படித்தான பின், அதற்குப் பயன்படுத்தலாம், ஆசிரியர் பொறுத்தருள்வார்.